சோற்றைக் குறைத்தால் மட்டும் போதுமா?



மாதர் சங்கக் கூட்டங்களில் முன்னர் கடன், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு பற்றியே அதிகம் கேட்பார்கள். இப்போது கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் அருகில் வந்து, “மிஸ், சோற்றை விட்டால் மெலியலாமாம், உண்மையா?” என்று மெதுவாகக் கேட்கிறார். கைத்தொலைபேசியில் கலோரிக் கணக்கு வைத்திருக்கும் இளம் பெண்களும் இருக்கிறார்கள்.

இவை புதிய வழிகள் அல்ல. 1863இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங் என்பவர் பாண், சீனி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைத்துத் தாம் மெலிந்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். 1918இல் அமெரிக்கப் பெண் வைத்தியர் லூலு ஹண்ட் பீற்றர்ஸ் கலோரி எண்ணும் முறையை நூலாக எழுதிப் பெண்களிடையே பரப்பினார்.

மாப்பொருளைக் குறைப்பது நல்லதா, கொழுப்பைக் குறைப்பது நல்லதா? அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 609 பேரை ஒரு வருடம் அவதானித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மாப்பொருளைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரு பகுதியினருக்கும் மரக்கறியைக் கூட்டுங்கள், சீனியையும் தீட்டிய மாவையும் குறையுங்கள் என்றே சொல்லப்பட்டிருந்தது.

இனி நமது வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120 கலோரி அளவில் உண்டு. தேநீருக்கு மூன்று தேக்கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஐந்து தடவை குடித்தால் 240 கலோரி சேர்கிறது. சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துவிட்டு, பொரியலையும் சீனித் தேநீரையும் அப்படியே வைத்திருந்தால் பலன் சொற்பமே.

இதில் நாம் பேசாத விடயம் ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் சமைப்பவள் கடைசியாகச் சாப்பிடுகிறாள். மீன் துண்டும் முட்டையும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். அவளது கோப்பையில் இருப்பது சோறும் சொதியும் சம்பலும்தான். அதில் சோற்றையும் எடுத்துவிட்டால் அது உணவுக் கட்டுப்பாடு அல்ல, பட்டினி. பட்டினி கிடப்பவள் பின்னேரம் பசி தாங்காமல் பிள்ளைகள் மீதம் வைத்த பணிசையும் பிஸ்கட்டையும் சாப்பிடுவதில் வியப்பில்லை. ‘மனக்கட்டுப்பாடு இல்லாதவள்’ என்று அவளையே குறை சொல்லுவோம்.

இன்னுமொரு ஆபத்தும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி சலரோகத்துக்குக் குளிசை எடுப்பவர். மகளின் திருமணத்துக்கு முன்னர் மெலிய விரும்பி இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். குளிசையை வழமைபோல் எடுத்தார். ஒரு விடியற்காலை வியர்த்து, கை நடுங்கி, கிணற்றடியில் சரிந்துவிட்டார். நினைவு இருந்தபடியால் அயலவர்கள் சீனித் தண்ணீர் கொடுத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். சலரோகக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் கிளினிக்கில் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? தனக்கென்று தனிச் சாப்பாடு தேடாமல், முழுக் குடும்பத்தின் பானையையும் மாற்றுவோம். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் வல்லாரை, முருங்கையிலை போன்ற கீரையும், கால் பங்குக்குச் சோறும், கால் பங்குக்கு மீன், முட்டை, கௌபி அல்லது பருப்பும் இருக்கட்டும். மீன் விலை கூடிய நாட்களில் நெத்தலியும் பயறும் கைகொடுக்கும். தேநீர்ச் சீனியை எல்லோருக்குமாக வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். நிறையோடு இடுப்புச் சுற்றையும் அளந்து பாருங்கள். நமது பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் முதலில், இன்றைய மதியச் சாப்பாட்டில் மீனைப் பங்கிடும்போது உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். கலோரியை அதற்குப் பிறகு எண்ணலாம்.