மூடி மறைக்கும் அன்பு

தேவாரத்தில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் ஸ்திரீகள் தூக்குச்சட்டியும் கையுமாக நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போகிறார்கள். குனிந்து குனிந்து காயெடுத்து அவர்கள் கொண்டுவரும் கூலியில் ஒரு பங்கு எங்கே போகிறது என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிக்கிறவனைப் பற்றி எழுதி எழுதிப் பேனாக்கள் தேய்ந்துவிட்டன. அவனைக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றியே இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன். வேலைக்கு வராத புருஷனுக்குக் காய்ச்சல் என்று கங்காணியிடம் பொய் சொல்லும் மனைவி. குடும்ப மானத்துக்கு அஞ்சி அவன் கடனைத் தீர்க்கும் தாயார். அவன் அடகு வைத்த தோட்டை மூன்றாம் முறையாக மீட்டுத் தரும் மைத்துனர். மூவரும் உத்தமர்கள்தாம். ஆனால் பலன் என்ன? கடன் அவனுக்கு உறைக்கவில்லை, வேலை போகவில்லை, அவமானமோ பிறர் தலையில். குடியின் கஷ்டங்களில் அவன் பங்குக்கு மிஞ்சுவது காலைத் தலைவலி ஒன்றே. அதற்கும் வீட்டில் மோர் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்!

சட்டங்கள் வந்தன, போயின. ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணமெங்கும் பரவிற்று, 1971-ல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசாங்கத்தின் டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. கடையை மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லை. வீட்டுக்குள் நடப்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் குடியை விட முயன்றவர்களின் சங்கம் 1935-ல் தோன்றிற்று. அவர்களுடைய மனைவிமார் தங்களுக்கும் உதவி தேவையென்று கண்டு, 1951-ல் அல்-அனான் என்ற தனிச் சங்கம் அமைத்தார்கள். குடிக்குக் குடும்பத்தார் காரணமல்லர் என்பது அவர்களுடைய முதற்பாடம்; ஆகையால் இதைப் படித்துவிட்டு மனைவியைக் குற்றவாளியாக்க யாரும் புறப்பட வேண்டாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் நிறுவிய சிகிச்சை நிலையத்திலும் குடும்பத்தாருக்கென்று தனிப் பயிற்சி உண்டு.

குழந்தைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் கொடுப்பது வேறு. அவன் கடனை அடைப்பது வேறு. முன்னதை அவன் கையில் தராமல் கடையிலும் பள்ளியிலும் நேரே கட்டிவிடலாம். அடி உதையை மறைப்பதோ உயிருக்கே ஆபத்து. அங்கே அண்டை வீட்டாரும் போலீஸாரும் அறியத்தான் வேண்டும்.

ஒன்று மாத்திரம் ஜாக்கிரதை. நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். வைத்தியர் மேற்பார்வையில்லாமல் வீட்டில் அடைத்து வைப்பது பிசகு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அவனை அழைத்துப் போக மைத்துனர் ஜீப் வாடகை கொடுப்பாரானால், தாராளமாகக் கொடுக்கட்டும்.