போலீஸ் கணக்கில் வராத குற்றங்கள்... குழந்தைகளிடமே கேட்டால் என்ன ஆகும்?

2022-ல் இந்தியாவில் குழந்தைகளுக்கு எதிராக 1,62,449 குற்ற வழக்குகள் பதிவாகின என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். முந்தைய ஆண்டைவிட இது 8.7% அதிகம். இதைப் பார்த்ததும் 'குற்றம் கூடிப்போச்சு' என்றுதான் தோணும். ஆனால் இது காவல் நிலையம் வரை வந்த வழக்குகளின் எண்ணிக்கை மட்டுமே. துணிந்து புகார் கொடுப்பவர்கள் அதிகமானாலும் இந்த எண் ஏறும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் இறங்கும்.

அப்போ உண்மை நிலவரம் எப்படித் தெரியும்? குழந்தைகளிடமே கேட்க வேண்டும்.

இந்தியாவில் கேட்டார்களா?

கேட்டார்கள். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

அதில் 53.22% குழந்தைகள் ஏதோ ஒரு வகை பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல், 52.94% ஆண் பிள்ளைகள். துன்புறுத்தியவர்களில் சுமார் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதை யாரிடமும் சொல்லவே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பள்ளிக் குழந்தைகளோடு தெருவோரம் வாழ்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், காப்பகங்களில் இருப்பவர்கள் எனத் தனித்தனிப் பிரிவுகளில் இந்த ஆய்வு நடந்தது. அதனால் 'நாட்டில் பாதிக் குழந்தைகளுக்கு இப்படி நடக்கிறது' என்று அப்படியே சொல்லிவிட முடியாது.

பிரிட்டன் என்ன செய்கிறது?

ஒரு முறை கேட்டால் அன்றைய நிலைமை தெரியும். தொடர்ந்து கேட்டால்தான் ஏறுதா, இறங்குதா என்று தெரியும். இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் வீடு வீடாகப் போய் 'உங்களுக்குக் குற்றம் ஏதாவது நடந்ததா?' என்று கேட்கும் சர்வே 1982-ல் தொடங்கியது. முதலில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் கேட்டார்கள். 2009 ஜனவரியில் இருந்து 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

உடனே ஒரு சிக்கல் வந்தது. பள்ளி மைதானத்தில் ஒரு பையன் இன்னொருவனைத் தள்ளிவிட்டால் சட்டப்படி அதுவும் தாக்குதல்தான். ஆனா அதைக் குற்றக் கணக்கில் சேர்ப்பதா? அதனால் இரண்டு கணக்கு போட்டார்கள். ஒன்றில் சட்டப்படி குற்றமாகும் எல்லாமே வரும். இன்னொன்றில் காயம், பொருளின் மதிப்பு, செய்தவர் யார் என்பதைப் பார்த்து, தீவிரமானவை மட்டும் வரும்.

கேட்க முடியாத கேள்வி

அந்த சர்வேயிலும் பிள்ளைகளிடம் பாலியல் குற்றங்கள் பற்றிக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகப் பெரியவர்களிடம் அவர்களின் சிறுவயது பற்றிக் கேட்டார்கள். 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் சுமார் 85 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர், 16 வயதுக்கு முன் ஏதோ ஒரு வகைக் கொடுமையை அனுபவித்திருப்பதாக 2019 மார்ச் வரையிலான ஓராண்டு சர்வே மதிப்பிட்டது.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்து, அன்றைக்கு அடிபட்ட குழந்தைக்கு என்ன பயன்?

ஏன் இவ்வளவு தயக்கம்?

பெரும்பாலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தையிடம் பேச முடியாது. கொடுமை நடப்பதே வீட்டுக்குள் என்றால், அந்த வீட்டில் சம்மதம் கிடைக்குமா?

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. சர்வே எடுப்பவருக்கும் இது பொருந்தும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன், தைரியமா சொல்லு' என்று அவரால் வாக்குக் கொடுக்க முடியாது. அந்த வாக்கு இல்லாவிட்டால் பல குழந்தைகள் வாயே திறக்காது.

ஆகவே கேட்பதற்கு முன்பே ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். சொன்னால் யாருக்குத் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழந்தைக்குப் புரியும்படி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உதவ ஆள் இல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போவது, அந்தக் குழந்தையை மறுபடியும் தனியாக விடுவதுதான்.

உங்களுக்குத் தெரிந்த குழந்தைக்கு உதவி தேவையா? குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.