கயிலைக்குக் கட்டும் மூட்டை

திருக்கயிலாய யாத்திரைக்குச் செல்வதென்று வீட்டில் ஒருவர் முடிவெடுத்துவிட்டால், முதலில் பரணிலிருந்து இறங்குவது பெட்டிதான். விபூதிப் பை, உலர்ந்த வில்வம், அகல், திரி, கற்பூரம், உற்றார் கொடுத்தனுப்பும் காணிக்கை, மானசரோவரத் தீர்த்தம் கொண்டுவரப் பத்துப் பன்னிரண்டு பாட்டில்கள் என்று அது நிறைந்துவிடுகிறது. கம்பளிக்கும் மருந்துக்கும் பிறகுதான் இடம் தேடுகிறார்கள். கற்பூரமும் தீப்பெட்டியும் எளிதில் தீப்பற்றுவன, விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். விபூதியும் வில்வமும் போதும். இறைவன் குறைப்பட்டுக்கொள்ளப் போவதில்லை.

மானசரோவரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூன்று நாள் பரிக்கிரமத்தில், ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நடையில், கடக்க வேண்டிய டோல்மா லா கணவாயின் உயரமோ சுமார் 5,630 மீட்டர். அங்கே காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை; காற்றின் அழுத்தமே குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பாதிதான். ஏரிக்கரையில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. பசியும் மந்தமாகிவிடும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, பொரிவிளங்காய் உருண்டை, உலர்திராட்சை போன்ற நாவுக்குப் பழகிய சிலவற்றை எடுத்துச் செல்வது ஆடம்பரமாகாது. உணவு இறங்காமல்தான் பலர் முதலில் தளர்கிறார்கள்.

உடையைப் பொறுத்தவரை பருத்தி அங்கு உதவாது. வியர்வையில் நனைந்தால் உலராமல் உடலோடு ஒட்டிக் குளிரை இழுக்கும். வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என மூன்று அடுக்காக அணிந்தால், வெயிலில் ஒன்றைக் கழற்றலாம், காற்று எழும்பினால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். புடவையோடு நடப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அம்மையார்களை மகள்கள்தாம் வழிக்குக் கொண்டுவர வேண்டும். பட்டுப்புடவை ஒன்று ஏரிக்கரைப் பூஜைக்குப் போதும். கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதாக இருத்தல் வேண்டும்.

காலணியைப் பயணத்துக்கு முந்தைய வாரம் வாங்குவதைப் போன்ற பிழை வேறில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். திருத்தணியின் 365 படிகளை, அடிவாரம் வரை காலணியோடு நடந்து வந்து, முதுகில் ஒரு பையுடன் வாரம் ஒருமுறை ஏறி இறங்கினால் முழங்கால் உண்மையைச் சொல்லிவிடும். முருகன் தரிசனமும் ஆயிற்று.

நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை இரு பங்காக்கி, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெரிய பையிலும் வைத்தல் நலம். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் பயனற்றது. அதனை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் பேட்டரியும் வலுவிழக்குமாதலால் சர்க்கரை பார்க்கும் கருவிக்கும் அதே இடம்தான். மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரையை மருத்துவர்கள் தருவதுண்டு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று வாங்கி விழுங்கும் மருந்தன்று அது.

இத்தனையும் எடுத்து வைத்த பின்னும் பெரும்பாலோர் கட்ட மறப்பது ஒன்றுண்டு: நாட்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஏறியபின், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை முழு ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவம் வகுத்த கணக்கு. ஹெலிகாப்டரில் விரைவாகக் கொண்டுசேர்க்கும் பயணங்களில் இந்தக் கணக்குத்தான் முதலில் அடிபடுகிறது. நான்கு நாள் மிச்சமாகிறதென்று மகிழ்வோர், அந்த நான்கு நாட்களை உடல் கேட்கும் என்பதை எண்ணுவதில்லை.

தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றினால் மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, இரவானாலும் கீழே இறங்கியாக வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறிகள் அவை. விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

2020 முதல் தடைப்பட்டு, 2025இல் மீண்டும் தொடங்கிய அரசு யாத்திரையில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கே இடம். தில்லியில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. அங்கே இரத்த அழுத்தத்தையும் பழைய இதய நோயையும் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று, ஊரார் நாவும்தான். பாதியில் திரும்பியவரைப் பார்த்து, "அவருக்குக் கொடுப்பினை இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு அழைப்பது போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு புறப்பட்டவருக்கு அந்தச் சொல் டோல்மா லாவைவிடக் கடினமானது. மூச்சு முட்டும்போதும் வாய் திறவாமல் அவர் மேலே ஏறுவது அதனால்தான்.

அப்பர் பெருமானே கயிலைக்கு நடந்து சென்று, கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து, இறுதியில் உடல் முழுதும் தளர்ந்து வழியிலே கிடந்தார் என்கிறது பெரிய புராணம். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொன்னான், அவர் இசையவில்லை. பின்னர் அங்கிருந்த பொய்கையில் மூழ்கி எழப் பணித்தான். எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது அந்த ஊரில்தான்.

வானம் தெளிந்திருந்தால் மானசரோவரக் கரையிலிருந்தே கயிலையின் தென்முகம் தெரியும். பரிக்கிரமம் செய்ய இயலாதவர்கள் அங்கே அமர்ந்து வேண்டிய மட்டும் பார்க்கலாம். யாத்திரைக் காலத்துக்குள்ளேயே ஆடி அமாவாசையும் வருகிறது. அன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறும்.