திறப்பு விழாவுக்குப் பணமுண்டு, பராமரிப்புக்கு இல்லை

2023 ஆம் ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை இலங்கை அரச அலுவலகங்கள் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள் இன்று இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் இதில் அடங்கும். கப்பம் கோரும் நச்சு மென்பொருளொன்று அரச முகில் கணினித் தொகுதிக்குள் புகுந்து யாவற்றையும் பூட்டிவிட்டது. தொகுதி சில மணித்தியாலங்களில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்துக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை.

இதனைக் கணினித் திருட்டுச் செய்தியாக வாசித்துவிட்டுப் பலரும் மறந்துவிட்டனர். என்னைப் பொறுத்தவரை இது வரவு செலவுத் திட்டச் செய்தி.

அந்தத் தொகுதியில் இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்பதிப்புக்கான ஆதரவை நிறுவனம் 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்திக்கொண்டது. அந்தத் திகதி திடீரென வந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே உலகம் முழுவதும் அறிந்திருந்த திகதி. 2021 இலேயே புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் தலைமை அதிகாரி சம்பவத்தின் பின்னர் கூறினார். இணையத்தோடு தொடர்பில்லாத பிரதியை நாள்தோறும் எடுத்துவைக்கும் ஏற்பாடும் அதன் பின்னரே தொடங்கியது. வீடு எரிந்த பின் கிணறு வெட்டிய கதை.

நமது திறைசேரியின் கணக்கில் செலவு இரு வகைப்படும்: மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. பாலம், கட்டடம் போன்றவை முதலாவது வகை. சம்பளம், எரிபொருள் போன்றவை இரண்டாவது. அரசியல்வாதிக்கு மூலதனச் செலவே பிரியமானது. அதற்கு அடிக்கல் உண்டு, நாடா வெட்டு உண்டு, பெயர்ப்பலகை உண்டு. மீண்டெழும் செலவோ குறைக்கப்பட வேண்டிய பாரமாகவே எப்போதும் பேசப்படுகிறது. மென்பொருளைப் பாலத்தைப் போன்ற ஒன்றாகக் கருதி ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுவதுதான் நோயின் மூலம். உண்மையில் மென்பொருள் பாலமன்று. அது சம்பளத்தைப் போன்றது. அனுமதிக் கட்டணம், பாதுகாப்புத் திருத்தம், பிரதியெடுப்பு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளரின் ஊதியம் என ஆண்டுதோறும் கொடுத்தேயாக வேண்டும். அமைச்சரின் வாகனத்துக்கு டயர் மாற்ற ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறார்கள். அதற்கு எவரும் நியாயம் கேட்பதில்லை.

2022 இல் நாடே வங்குரோத்தான நிலையில், மருந்துக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற வேளையில், மின்னஞ்சல் மென்பொருளுக்கா டொலர் கொடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022 மார்ச்சில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர், இரண்டே மாதங்களில் முந்நூற்றறுபதைத் தாண்டியது; டொலரில் செலுத்தும் கட்டணம் ரூபாவில் ஏறக்குறைய இருமடங்கானது. ஆயினும் மாற்ற எண்ணியது 2021 இல் என்பதை மறக்கலாகாது. மேலும், புதிய பதிப்புக்குத்தான் டொலர் வேண்டும். பிரதியெடுத்து வேறிடத்தில் பூட்டிவைப்பதற்கு முதலில் வேண்டியது ஒழுங்கு. கச்சேரிப் பதிவறையில் கோப்புகளுக்குக் காவலிருந்த பழைய எழுதுவினைஞருக்கு அந்த ஒழுங்கு தெரிந்திருந்தது.

இதில் சட்டப் பிரச்சினையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், தான் நடைமுறைக்கு வந்தபின் உருவாகும் ஆவணங்களைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேணவேண்டும் என அரச நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகிறது. முல்லைத்தீவில் காணி விடயமாகத் திணைக்களமொன்றுக்கு 2023 யூனில் மின்னஞ்சல் அனுப்பிய ஒருவர், அதன்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று இன்று கேட்டால், தொலைந்துவிட்டது என்பதைத் தவிர அதிகாரியிடம் என்ன பதில் இருக்கும்? 12 ஆண்டுகள் பேணவேண்டியது 12 வாரங்கள்கூட முழுமையாகப் பேணப்படவில்லை.

வெளிநாட்டுப் பணம் இந்நோயை வளர்க்கிறது. 2004 இல் 'இ-ஸ்ரீலங்கா' திட்டத்துக்கு உலக வங்கி 53 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. 2022 மார்ச்சில் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 300 கோடி இந்திய ரூபா நன்கொடை. தொடங்கப் பணம் வருகிறது. திட்டக் காலம் முடிந்த பின்னர் ஆண்டுச் செலவு யார் தலையில்? மின்னஞ்சல் தொலைந்தால் மீண்டும் எழுதலாம். விரலடையாளம் களவுபோனால் மாற்றிக்கொள்ள எவருக்கும் வேறு விரல் இல்லை.

2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கு 3,000 மில்லியன் ரூபாவை முன்மொழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரச முகில் மறுபடியும் பழுதடைந்தது. பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களை இணையவழி பெறும் வசதி உட்படப் பல சேவைகள் நாட்கணக்கில் முடங்கின. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு அந்தச் சான்றிதழின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

பணம் குறையும்போது முதலில் கைவிடப்படுவது தமிழ் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல அரச இணையத்தளங்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பழைய அறிவித்தலோ, பாதி ஆங்கிலமோதான் கிடைக்கும். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் சொன்னது. மென்பொருள் ஒப்பந்தங்களில் அது இன்னமும் 'அடுத்த கட்டம்' என்ற நிலையிலேயே இருக்கிறது.

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் டிஜிட்டல் பொருளாதார அமைச்சின் செலவினத் தலைப்பு வரும்போது, வடக்கு கிழக்கு உறுப்பினர்கள் வழமையான உரையிலிருந்து ஐந்து நிமிடங்களை ஒதுக்கிச் சிலவற்றைக் கேட்கட்டும். ஒவ்வோர் அமைச்சிலும் இயங்கும் மென்பொருள்கள் எவை, அவற்றின் ஆதரவு எந்தத் திகதியில் முடிகிறது, அதற்கான பணம் எந்த ஆண்டின் மீண்டெழும் செலவில் இடப்பட்டுள்ளது, பிரதிகள் எங்கே இருக்கின்றன, அவற்றைக் கடைசியாக மீட்டுப் பரிசோதித்தது எப்போது. பதில் ஹன்சாட்டில் பதிவாகட்டும். ஹன்சாட் இன்னமும் தாளில் அச்சாகிறது.