மாண்டவர் பட்டியல் எங்கே?

மயிலாப்பூர்வாசிகளுக்குப் பூம்பாவை கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாம்பு தீண்டி மாண்ட மகளின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் என்ற வணிகர் ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார் என்பது கதை. பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் கோயிலில் இன்றும் அதை நடத்திக் காட்டுகிறார்கள். அந்தப் பெண் உயிர்த்தெழுந்தாளா என்று வாதாட நாம் வரவில்லை. மகளின் எலும்பு எங்கே இருக்கிறது என்பது அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு வேண்டிய விஷயம் அதுதான்.

ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது தெரியாது. சயாம் மரண ரயில் பாதையில் மடிந்தவர்களின் குடும்பங்களைச் சொல்கிறோம்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதோடு மலாயா முழுவதும் ஜப்பானிய ஏகாதிபத்தியத்தின் பிடியில் சிக்கியது. வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. லயங்களில் பட்டினி. அந்த லயங்களில் இருந்தவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறிய விவசாயக் கூலிகளும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும்தான். சயாமில் வேலை, நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று அவர்களுக்கு ஆசை காட்டினார்கள். மசியாதவர்களைப் பலாத்காரமாக லாரியில் ஏற்றினார்கள்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை அது. காட்டை வெட்டி, மலையைக் குடைந்து, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். அந்த வருஷ மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போயிற்று. பாதையில் மாண்ட யுத்தக் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியர் எல்லோரும் இதில் அடக்கம்.

இந்த இரண்டு கணக்கையும் உற்றுப் பாருங்கள், தோழர்களே. தொழிலாளி விஷயத்தில் 20,000 உயிர் இப்படியோ அப்படியோ இருக்கலாமாம்! எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கைதிகள் முகாமில் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். மாண்டவன் பெயர், படைப்பிரிவு, புதைத்த இடம் ஆகியவற்றை ஜப்பானியக் காவலுக்குத் தெரியாமல் குறித்து ஒளித்து வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும், 1945 செப்டம்பரில் கல்லறை தேடும் குழு ஒன்று அந்தக் குறிப்புகளோடு புறப்பட்டது. பாதை நெடுக 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இன்று புல்தரையும் பூச்செடியுமாகப் பராமரிக்கப்படுகின்றன. நம் சென்னை நந்தம்பாக்கத்து யுத்த மயானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பராமரிப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். அந்தச் சிப்பாய்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அவர்களுக்குக் கிடைத்த கல்லை நாம் குறை கூறவில்லை.

தொழிலாளியின் முகாமில் குறித்து வைக்க யாரும் இல்லை. பிணங்களைக் குவித்து எரித்தார்கள். குழியில் தள்ளி மூடினார்கள். பின்னர் பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, காடு மூடிக்கொண்டது. 1980களில் கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் ஒரு பகுதி மூழ்கியது. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் எது யாருடைய அண்ணன், எது யாருடைய தகப்பன் என்று யார் சொல்ல முடியும்?

பெயர் எழுதத் தெரியாத காலம் அல்ல அது. மலாயாவுக்கு ஆள் அனுப்பியபோது ஆவடி, நாகப்பட்டினம் டிப்போக்களில் பெயர் எழுதினார்கள். தோட்டத்தில் தினந்தோறும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். அரை நாள் வேலைக்கு வராதவன் பெயரும் கிராணியின் பேரேட்டில் ஏறிற்று. உழைப்பைக் கறக்க வேண்டியிருந்தவரை பெயர் இருந்தது. உயிர் போனதும் பெயரும் போயிற்று!

கொன்றவர்களே முதல் கல்லையும் நட்டார்கள். 1944இல் ஜப்பானிய ராணுவம் காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத் தூணில் தமிழிலும் வாசகம் பொறித்திருக்கிறது. தமிழர்கள் தம்மவருக்காக அதே ஊரில் நடுகல் எழுப்ப 2023 மே தினம் வரை ஆயிற்று. அதற்குத் தமிழ்நாடு சர்க்காரும் நிதி உதவியது. வரவேற்கிறோம். ஆனால் நடுகல் என்றால் பெயர் இருக்க வேண்டும். மாட்டை மீட்கச் சென்று மடிந்த வீரனுக்குக்கூடப் பெயர் வெட்டிக் கல் நட்ட நாடு இது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2020 ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்கள் எத்தனை பேர் மாண்டார்கள் என்று பார்லிமெண்டில் கேட்டபோது, அந்த விவரம் தன்னிடம் இல்லை என்று மத்திய தொழிலாளர் இலாகா பதில் சொல்லிற்று. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுகிற தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் இல்லையென்றால் அவனுக்கு நஷ்ட ஈடு இல்லை. அவன் மனைவி விதவை என்பதற்குச் சான்றும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவன் செத்தால் அதற்குப் பொறுப்பாளி யாரும் இல்லை. முதலாளிக்கு அதுதானே வேண்டும்?

ஆகவே நாம் கோருவது இது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள குடியேற்றக் கோப்புகளைச் சர்க்கார் ஊர்வாரியாகப் பிரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரைக் குடும்பத்தார் பதிய ஓர் அலுவலகம் வேண்டும். மலேசியா, தாய்லாந்து, மியான்மர் சர்க்கார்களோடு பேசி, எஞ்சியுள்ள புதைகுழிகளைக் காக்க வேண்டும். ஜப்பான் தன்னிடம் உள்ள ஏடுகளைத் திறக்க வேண்டும்.

சர்க்கார் அசையும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களை இந்த வாரமே கேளுங்கள். மலாயாவுக்குப் போனவர் யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, கடைசிக் கடிதம் எந்த வருஷம் வந்தது? ஒரு நோட்டில் எழுதுங்கள். தெரியாததை வெற்றிடமாக விடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் அதை நிரப்பலாம். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அந்த நோட்டுகளைத் திரட்டட்டும்.

எலும்பு கிடைக்காமல் போகலாம். பெயர் கிடைக்கும். அதையும் இழக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.