வந்து பாடிச் செல்வோர்

ஒரு சபையின் ஆராதனையை அச்சபையைச் சாராத சிலர் வந்து நடத்திவிட்டுப் போகலாமா? வட அமெரிக்க மெனனைற் கிறிஸ்தவர்களிடையே சுற்றுப்பயண ஆராதனைக் குழுக்கள் நெடுநாளாகப் பழகிப்போன காட்சி. இளைஞர் ஐந்தாறு பேர், இரண்டு கிற்றார், சில ஒலிவாங்கிகள்; இந்த ஞாயிறு ஒரு சபை, அடுத்த ஞாயிறு இன்னொன்று. பாடல்கள் இனியவை, குழுவினர் நல்லவர்கள், சபையாருக்கும் மகிழ்ச்சி. இதிலே குறை காண என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. மெனனைற் மரபின் உயிர்நாடியையே இவ்வழக்கம் சத்தமின்றி அறுக்கின்றது என்பது எனது வாதம்.

நான் அம்மரபைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும் அதன் வரலாற்றைப் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 1525 ஜனவரியில் சூரிச் நகரில் தோன்றிய மறுஞானஸ்நான இயக்கத்தின் வழிவந்தவர்களே மெனனைற்றுகள். சபை என்பது அரசு அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அன்று. மனமறிந்து சேர்ந்தவர்களின் கூட்டம் என்பதே அன்று அவர்கள் சொன்னது. அதைச் சொன்னதற்காக ஃபீலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரியில் லிம்மாற் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். உயிரைக் கொடுத்து மீட்ட ஆராதனையை இன்று வந்துபோகும் குழுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்திருப்பது முறையா?

அவர்கள் பாடிய விதத்தைப் பாருங்கள். பஸ்ஸாவ் கோட்டைச் சிறையில் அடைபட்டோர் இயற்றிய பாடல்கள் 1564இல் அச்சேறின. பின்னர் ‘அவுஸ்புண்ட்’ என்ற பெயரில் விரிந்த அத்தொகுப்பில் இசைக்குறிப்பு கிடையாது. மெட்டுகள் வாய்வழியாகவே வந்தன. ஆமிஷ் மக்கள் இன்றும் வாத்தியமின்றி அதிலிருந்து பாடுகின்றனர். வேர்ஜீனியாவில் ஜோசப் ஃபங்க் என்ற மெனனைற் 1832இல் வெளியிட்ட இசைநூல், சாதாரண மக்களும் பல குரல்களில் இசைந்து பாடக் கற்க உதவியது. காலப்போக்கில் வாத்தியமற்ற நாற்குரற் பாடலே பல சபைகளின் அடையாளமாயிற்று. அங்கே கேட்போர் என்று தனியே எவரும் இல்லை. கிழவரின் கனத்த குரலும் சிறுமியின் மெல்லிய குரலும் இல்லாவிடில் பாடல் குறைப்பட்டுப்போகும். ஒலிபெருக்கி வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிடுகின்றது. ‘நான் பாடாவிட்டாலும் பாட்டு நடக்கும்’ என்று சபையார் முதன்முறையாக உணர்கின்றனர். அந்தக் கணத்தில் சபையார் இரசிகர்களாகி விடுகின்றனர்.

மெனோ சீமோன்ஸே ஊர் ஊராகச் சென்றவர்தானே என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்த அவர் நிலையாக ஓரிடத்தில் வாழ முடியாதவராகவே நெடுங்காலம் அலைந்தார். 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் அவரது தலைக்கு 100 கில்டர் விலை வைத்தார். அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஒருவர் 1539இல் கொல்லப்பட்டார். ஆனால், மெனோ வந்த இடத்தில் நிலைத்திருக்க முடியாது. திரும்பி வருவார் என்ற உறுதியும் இல்லை. ஆகவே தாம் இல்லாமலே நிற்கக்கூடிய சபையை விட்டுச் செல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய குழுவோ தான் போனபின் ஓர் ஏக்கத்தையே விட்டுச் செல்கின்றது. அடுத்த ஞாயிறு சபையார் தமது சொந்தக் குரலைக் கேட்டு, ‘இது சென்ற வாரம்போல் இல்லையே’ என்று சலித்துக்கொள்வார்கள்.

எத்தியோப்பியாவின் படிப்பினை இன்னும் அழுத்தமானது. 1982இல் இராணுவ மார்க்சிய ஆட்சி அங்குள்ள மெசரேத்தே கிறிஸ்தோஸ் என்னும் மெனனைற் வழிச் சபையைத் தடைசெய்தது, கட்டடங்களைப் பறித்தது, தலைவர்களைச் சிறையிலிட்டது. மேடையில்லை, ஒலிவாங்கியில்லை, விருந்தினர் குழுவுமில்லை. வீடுகளில் சிறுசிறு குழுக்களாக மறைவிற் கூடி, தாமே செபித்து, தாமே போதித்து வாழ்ந்தனர். 1991இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது சபை பல மடங்கு பெருகியிருந்தது. இன்று அது உலகிலேயே மிகப் பெரிய மெனனைற் வழிச் சபைகளுள் ஒன்று. யாரும் வந்து நடத்தாததால் அச்சபை அழியவில்லை; தன்னைத் தானே நடத்தக் கற்றதாலேயே வளர்ந்தது.

பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனித்துக் கிடக்கும் சிறு சபைக்கு அயலூர்ச் சகோதரரின் வருகை ஆறுதலாகும். போகட்டும். ஆனால் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் போகட்டும். மேடைக்கு ஏறாமல் வாங்குகளில் சபையாரோடு அமரட்டும். ஒரு புதிய பாடலைக் கற்பித்து, அந்த ஊரின் பாடல் ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பட்டும். குழு வந்த ஞாயிறு எவ்வளவு சிறப்பாக இருந்தது என்பது அளவுகோல் ஆகாது. குழு போனபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சபை முன்னிலும் உரத்துப் பாடுகின்றதா? அதற்கு ‘ஆம்’ என்று சொல்ல முடியாத குழு, ஆராதனை நடத்தியதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். கச்சேரி நடத்தியதாகச் சொல்லட்டும்.