குழந்தை முகத்துத் தழும்பும் பெரியவங்க அவசரமும்: ஒரு நீண்ட இழை

1/ குழந்தை விழுந்து நெத்தியில அடிபட்டு, தையல் பிரிச்சு ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள "தழும்பு போக என்ன க்ரீம் போடலாம்?"னு கேள்வி ஆரம்பிச்சிடும். பாதிப் பேர் கேட்கறதுக்கு முன்னாடியே மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கித் தடவியிருப்பாங்க. இந்த இழை அந்த ட்யூபுக்கு எதிரானது. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா முழுசா படிங்க.

2/ முதல்ல ஒரு அடிப்படை உண்மை. புண் மூடுறதோட வேலை முடியறதில்ல. உள்ளே கொலாஜன் நார்களை உடம்பு பிரிச்சுப் பிரிச்சுத் திரும்ப அடுக்கிக்கிட்டே இருக்கும். இதுக்கு 12 முதல் 18 மாசம் ஆகலாம். முதல் சில மாசம் தழும்பு சிவந்து, கொஞ்சம் தடிச்சு, இன்னும் மோசமாத்தான் தெரியும். குழந்தைகளுக்கு அந்தச் சிவப்பு பெரியவங்களைவிட அதிக நாள் நிக்கும். அது இயல்பு.

3/ ஆனா சரியா அந்த ரெண்டாவது, மூணாவது மாசத்துலதான் சொந்தக்காரங்க வருவாங்க. "ஐயோ, பொம்பளப் புள்ள முகத்துல இப்படியா?" அந்த ஒரு வாக்கியம் போதும், அம்மா அன்னிக்கே கடைக்குப் போயிடுவாங்க. பையனுக்கு அதே தழும்பு இருந்தா "ஆம்பளப் புள்ளதானே"னு விட்டுடுவாங்க. அப்போ பிரச்சினை தழும்பா, நம்ம பார்வையா?

4/ கடையில கிடைக்கற பல "தழும்பு க்ரீம்"கள்ல என்ன இருக்குன்னு ட்யூபைத் திருப்பிப் படிங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃப்ளூசினோலோன்: இதெல்லாம் ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இருந்தா, அது பெரியவங்களோட மங்குவுக்கு, ராத்திரி மட்டும், குறைஞ்ச காலத்துக்கு, டாக்டர் கண்காணிப்புல போட வேண்டிய மருந்து. மூணு வயசுக் குழந்தையோட கன்னத்துல அதுக்கு என்ன வேலை?

5/ "ஆனா போட்டதும் நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்?" இருக்கும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால சில நாள்லயே சிவப்பு குறையும். நிறமும் வெளுக்கும். தழும்பு ஆறிடுச்சுன்னு நினைச்சு ஆறு மாசம் தொடர்ந்து போடுவீங்க. நிறுத்தினா முகம் சிவந்து எரியும், திரும்ப அதையே தடவுவீங்க. இப்படித்தான் இந்தச் சுழலுக்குள்ள மாட்டிக்கறாங்க.

6/ விளைவு? தோல் காகிதம் மாதிரி மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், கன்னத்துல முடி வளரும், சீழ்ப் பருக்கள் வரும். கண்ணுக்குப் பக்கத்துல நாள்கணக்கா போட்டா கண் அழுத்தம்கூட ஏறலாம். குழந்தைத் தோல் மெல்லிசு. எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பும் அதிகம். அதனால மருந்து உள்ளே போறதும் அதிகம். ஒரு சென்டிமீட்டர் தழும்புக்காக முழு முகத்தையும் பணயம் வைக்கறோம்.

7/ இது எங்கேயோ ஒண்ணு ரெண்டு பேருக்கு நடக்கற கதை இல்ல. 2011-ல் இந்திய தோல் மருத்துவ இதழில் வந்த, பல மையங்களில் நடந்த ஓர் ஆய்வு. முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருத்தர்.

8/ 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் இறுக்கியது. அதாவது மருந்துச் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. இன்னிக்கும் சீட்டு கேட்காம எடுத்துக் கொடுக்கற கடைகள் இருக்கு. கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. "எதுக்கும் இதைப் போட்டுப் பாருங்க"னு ஒரு வரி எழுதி அனுப்பற எங்க ஆளுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

9/ "மேடு கட்டின தழும்புக்கு நீங்களே ஸ்டீராய்டு ஊசி போடறீங்களே?" நியாயமான கேள்வி. அது தடிச்சு எழும்பின தழும்புக்குள்ள மட்டும், அளவு பார்த்து, வாரக்கணக்குல இடைவெளி விட்டுப் போடறது. தட்டையான, வெறும் சிவந்த தழும்பு மேல தினமும் க்ரீம் தேய்க்கறதும் அதுவும் ஒண்ணு இல்ல.

10/ "அப்போ நாட்டு வைத்தியம்?" காப்பித் தூள், பேஸ்ட், சுண்ணாம்பு இதெல்லாம் திறந்த புண்ணுல போட்டா அழுக்கும் கிருமியும்தான் சேரும். எலுமிச்சைச் சாறு தடவி வெயில்ல விட்டா தோல் பொசுங்கிக் கறுக்கும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைச்சுத் தடவறதும் வேணாம். 1999-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், அதைத் தடவியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அலர்ஜி வந்தது. தழும்பும் பெரும்பாலானோருக்கு மேம்படவில்லை.

11/ சரி, என்னதான் செய்யணும்? தழும்போட தலையெழுத்து முதல் நாளே பாதி எழுதப்படுது. புண்ணைச் சுத்தமான தண்ணியில நல்லாக் கழுவுங்க, சுத்தத் துணியால அழுத்திப் பிடிங்க. வாய் பிளந்த புண்ணு, கண் இமை, உதட்டு ஓரம்னா அன்னிக்கே மருத்துவமனைக்குப் போங்க. "தையல் போட்டா தழும்பு வரும்"னு தள்ளிப் போடாதீங்க. பிளந்த புண்ணை அப்படியே விட்டாத்தான் தழும்பு அகலமா வரும்.

12/ முகத்துல தையலைப் பொதுவா 5 நாள்ல பிரிச்சிடுவோம். சொன்ன தேதிக்கு வாங்க. ஊருக்குப் போயிட்டு பத்தாவது நாள் வந்தா, ரயில் தண்டவாளம் மாதிரி தையல் தடமும் சேர்ந்து நிக்கும்.

13/ "காத்தாட விடு, பொருக்குத் தட்டட்டும்" என்பதும் பழைய கணக்கு. 1962-லேயே ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் காட்டிவிட்டார்: ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. டாக்டர் வேற சொல்லாத வரைக்கும் சாதா வாசலின் மெல்லிசா தடவி, மேல ஒரு கட்டு. பொருக்கு வந்தா பிய்க்காதீங்க. குழந்தை பிய்க்கும், நகத்தை வெட்டி வைங்க.

14/ புண் முழுசா மூடின பிறகு மிக முக்கியமான விஷயம் வெயில். நம்ம நிறத்துக்குத் தழும்பு சிவப்பா நிக்கறதைவிட, கறுத்து நிக்கறதுதான் அதிகம். வெயில் பட்டா அந்தக் கறுப்பு ஏறும், மாசக்கணக்குல போகாது. தொப்பி, நிழல், ஜிங்க் ஆக்ஸைடு உள்ள எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன். ஆறு மாசத்துக்குக் கீழே இருக்கற குழந்தைக்குத் தொப்பியும் நிழலும் போதும். ஒரு வருஷமாவது இதை விடாதீங்க.

15/ தழும்பு தடிக்கற மாதிரி தெரிஞ்சா சிலிக்கான் ஜெல், தினம் ரெண்டு வேளை, ரெண்டு மூணு மாசம். இதுக்கும் ஆதாரம் ரொம்ப வலுவானது இல்ல, ஆனா பெருசா கெடுதலும் இல்ல. விரலால மெதுவா அழுத்தித் தேய்ச்சும் விடலாம். காசு இல்லையா? வாசலினும் தொப்பியும் போதும். குற்ற உணர்ச்சி வேணாம்.

16/ எப்போ டாக்டரைப் பார்க்கணும்? மாசாமாசம் தடிச்சுக்கிட்டே போனா, காயத்தோட எல்லையைத் தாண்டி வளர்ந்தா, ஓயாம அரிச்சா, கண் இமையையோ உதட்டையோ இழுத்தா, வீட்டுல யாருக்காவது கீலாய்டு இருந்தா. இழுக்கற தழும்புக்குக் காத்திருக்கக் கூடாது. மத்தபடி ஒரு வருஷம் ஆகாத தழும்பை அறுத்துச் சரிபண்ண அவசரப்படுத்தாதீங்க.

17/ கடைசியா ஒண்ணு. தழும்பு முழுசா மறையாது, மங்கும். அதைப் பத்திக் குழந்தைக்கு முன்னாடி உச்சுக் கொட்டாதீங்க. நாலு வயசுக் குழந்தைக்கு அது அசிங்கம்னு தானா தெரியாது, நாமதான் சொல்லிக் கொடுக்கறோம். யாராவது வீட்டுக்கு வந்து ஆரம்பிச்சா, "விளையாடும்போது விழுந்தான், ஆறிடுச்சு"னு சொல்லிப் பேச்சை மாத்துங்க.

18/ இன்னிக்கு ராத்திரியே வீட்டுல இருக்கற ட்யூபை எடுத்து நாலாவது பதிவுல சொன்ன பேர் இருக்கான்னு பாருங்க. இருந்து, வாரக்கணக்கா போட்டிருந்தா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. ட்யூபையும் குழந்தையையும் தோல் மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னும் ஆரம்பிக்கலைன்னா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல தொப்பி வாங்குங்க.